மூன்று இனமும் வேலை செய்யும் ஹொட்டேலில் ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) போடுவது எப்படி? சீசன் வருவதற்குள் யாராவது வழி சொல்லுங்கள்

உப்புவெளிக்காரி:

வணக்கம். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரமாக ஒரு நடுத்தர ஹொட்டேலில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். ஹவுஸ்கீப்பிங்கில் சூப்பர்வைசராக இருந்த என்னை இந்த வருடம் டியூட்டி மனேஜர் ஆக்கிவிட்டார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது, தலையிடி நிறையக் கூடியது.

மொத்தம் முப்பது பேர் வரை இருக்கிறோம். குசினியில் பெரும்பாலும் சிங்களவர்கள், கந்தளாயும் தெற்குப் பக்கமும். அறைகளுக்கு எங்கள் தமிழ் ஆட்கள், சாம்பல்தீவு, சல்லி, குச்சவெளி. ரெஸ்டோரன்டும் ஸ்டோரும் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகள். யாரும் திட்டம் போட்டு இப்படிப் பிரிக்கவில்லை, ஒருவர் வேலைக்கு வந்தால் தன் ஊர்ப் பொடியனைக் கூட்டி வருவார், அவன் தன் மச்சானைக் கூட்டி வருவான், அப்படியே ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையும் மூன்றாகிவிட்டது.

இதுவரை யாரும் அடிபடவில்லை. ஆனால் சின்னச் சின்ன விடயங்கள் எல்லாம் கடைசியில் இனத்தில் போய் நிற்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்ததும் கந்தளாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு வான் இருக்கிறது, மூதூர்ப் பிள்ளைகளுக்கு இல்லை, அதனால் அதற்கு "சிங்கள வான்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். காலை பிரீஃபிங் சிங்களத்தில் நடக்கிறது, வட்ஸ்அப் குழுவிலும் சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள், என் அறைப் பிள்ளைகள் பாதி விளங்கி பாதி விளங்காமல் தலையாட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்கு ஆறேழு பேர் ஒன்றாகப் போனால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கேட்டால் "நிறுவனத்துக்கு அது லீவு நாள் இல்லை" என்கிறார்கள், போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) மட்டும் தனிக் கணக்கு. சேர்விஸ் சார்ஜ் பிரிப்பதில் யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் சொன்னால், எல்லோரையும் புறாமலைத் தீவுக்குப் படகில் கூட்டிப்போய் விளையாட்டு வைத்து ஒற்றுமையாக்கலாம் என்கிறார். போகலாம், நல்லதுதான், ஆனால் திரும்பி வந்த அன்றிரவும் அதே வான்தான் நிற்கும்.

மே மாதம் சீசன் தொடங்கிவிடும். ஹொட்டேல், ஆஸ்பத்திரி, கடை, அலுவலகம் எதுவாக இருந்தாலும் கலந்து வேலை செய்யும் இடத்தை நடத்தியவர்கள் சொல்லுங்கள், எங்கே தொடங்குவது?

பழைய கப்டன்:

தங்கச்சி, நிலாவெளியில் ரெஸ்டோரன்ட் கப்டனாக இருந்து ஓய்வெடுத்தவன் நான். நீங்கள் சொன்னதில் முதலில் கை வைக்க வேண்டியது சேர்விஸ் சார்ஜ். வாடிக்கையாளர் பில்லில் 10 வீதம் கட்டுகிறார் என்பது எல்லா ஊழியருக்கும் தெரியும், அது எப்படிப் பிரிகிறது என்பது தெரியாவிட்டால் ஒவ்வொருவரும் மற்ற மேசைக்காரன்தான் அதிகம் எடுக்கிறான் என்று நினைப்பார்கள். மாத மொத்தம், ஆளுக்கு எத்தனை புள்ளி (பங்கு), ஒரு புள்ளிக்கு எவ்வளவு ரூபா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஊழியர் சாப்பிடும் இடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். முதலாளி மாட்டேன் என்றால் அங்கேதான் பிரச்சினை இருக்கிறது, சிங்களவரிடமும் இல்லை, தமிழரிடமும் இல்லை.

அடுத்தது ரோஸ்டர். இதில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதியை நீங்களே கவனிக்கவில்லை. ஒரே சமூகத்து ஆட்களை மட்டும் வைத்திருக்கும் ஹொட்டேலில் பெருநாள் வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும், மனேஜர் அழுதுகொண்டுதான் நிற்பார். உங்களிடம் எந்தப் பெருநாள் வந்தாலும் கொஞ்சப் பேராவது கையில் இருப்பார்கள். கஷ்டமானது சித்திரைப் புத்தாண்டு, அன்று தமிழரும் சிங்களவரும் ஒன்றாகப் போவார்கள், ஹொட்டேலைத் தாங்குவது முஸ்லிம் பிள்ளைகள்தான். அதைச் சொல்லித்தான் நான் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மற்றவர்களிடம் ஆள் எடுப்பேன். "சித்திரையில் உனக்காக அவன் நின்றான், இன்றைக்கு நீ நில்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறவன் கூட நிற்பான். ஒற்றுமை, சகோதரத்துவம் என்று கூட்டம் போட்டுக் கேட்டால் யாரும் நிற்கமாட்டார்கள்.

ஜனவரியிலேயே ஒவ்வொருவரிடமும் அவர்களுக்கு எந்த நாட்கள் கட்டாயம் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு அல்லது மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். இனத்தை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், தமிழன் என்றால் தீபாவளி என்று போட்டுவிட்டால் அவன் கிறிஸ்தவனாக இருப்பான், பெரிய வெள்ளியைக் கேட்பான். அப்பா இல்லாத பிள்ளைக்கு தீபாவளியைவிட ஆடி அமாவாசைதான் முக்கியமாக இருக்கும், அது சீசன் நடுவில் வருகிறது.

போயாவுக்கு ஒரு சின்ன வழி. அன்று சாராயம் விற்க முடியாது, பார் மூடித்தான் இருக்கும். பார் ஆட்களை ரெஸ்டோரன்டுக்கு இறக்கினால், சில் (பௌத்த விரதம்) எடுக்க விகாரைக்குப் போக விரும்புகிற ஒன்றிரண்டு பேரை விடலாம். நீண்ட வார இறுதியில் போயா வந்தால் கொழும்பு, கண்டிச் சனம் முழுக்க நிலாவெளியில்தான் நிற்கும், அன்று எல்லோரையும் விட முடியாது என்பதையும் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கந்தளாய்ப் பக்கம்:

வான் கதைக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நானும் அப்படி ஒரு வானில் போய் வந்தவன். கந்தளாய் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர், இரவு பத்துக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: குசினித் தலைவர் வேலைக்குச் சேரும்போதே வான் தந்தால்தான் வருவேன் என்று பேசி வாங்கியிருப்பார், மற்றவர்கள் அதில் தொற்றிக்கொண்டிருப்பார்கள். மூதூர்ப் பிள்ளைகளுக்காகப் பேச அப்படி ஒரு ஆள் இருந்திருக்கமாட்டார். இனம் பார்த்துக் கொடுத்த வான் இல்லை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், பார்க்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

கந்தளாய் ஒரு பாதை, கிண்ணியா மூதூர் வேறு பாதை, ஒரே வானில் இரண்டையும் சுற்றிவர முடியாது. முதலாளி இரண்டாவது வான் போடுவாரா என்பது சந்தேகம். அப்படியென்றால், இரவு ஒன்பதுக்குப் பிறகு வேலை முடிக்கும் எல்லோருக்கும் தூரத்தைப் பொறுத்துப் போக்குவரத்துக் காசு, வானில் போகிறவருக்கு அந்தக் காசு இல்லை. இல்லாவிட்டால் தூரத்து ஆட்கள் ஐந்து நாள் தங்கி வேலை செய்து சேர்த்து வீட்டுக்குப் போகட்டும், பக்கத்து ஊர்க்காரருக்கு இரவு ஷிப்ட். ஆனால் தங்கும் அறையைப் போய்ப் பாருங்கள். மின்விசிறி ஓடாத அறையை ஒருவருக்கும் நல்ல அறையை மற்றவருக்கும் கொடுத்தால் வானை விட்டுவிட்டு அறைக்குப் பெயர் வைக்கத் தொடங்குவார்கள்.

கிண்ணியா நானா:

கப்டன் அண்ணன் சொன்னதில் பெரும்பாலானதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாமே கணக்கு வழக்குப் பிரச்சினை, தாள் ஒட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த மாதங்களில் நான் வேலை செய்த இடத்தில், பல வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். என்னுடைய பையை மட்டும். அன்று மேலாளர் "திறந்தால் எல்லோரும் திறக்கவேண்டும், நான் உட்பட" என்று ஒரு வார்த்தை சொல்லி முதலில் தன் பையை மேசையில் கொட்டினார். அதன் பிறகு அங்கே வேலை செய்ய முடிந்தது. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும், தங்கச்சி. சிலைப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, தேர்தல், திருகோணமலையில் எதற்கும் குறைவில்லை. அன்று நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

இனி குசினி. வெளிநாட்டுக்காரருக்கு பேக்கனும் பன்றி இறைச்சியும் போகும் ஹொட்டேல் என்றால், அந்தச் சட்டியைக் கழுவ முஸ்லிம் பொடியனை விடாதீர்கள், மாட்டிறைச்சி வெட்ட மறுக்கிற இந்துப் பிள்ளையையோ சிங்களவரையோ கட்டாயப்படுத்தவும் வேண்டாம். தனிப் பலகை, தனிக் கத்தி, தனிச் சட்டி, யார் தொடுவார் என்று பெயர் எழுதிய பட்டியல். பெரிய செலவு இல்லை. ஊழியர் சாப்பாட்டுக்கு ஹலால் கோழியை வாங்கினால் யாரும் சாப்பிடலாம், வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் மரக்கறி என்பதால் அன்று பருப்பும் இரண்டு கறியும் தனிக் கரண்டியோடு வைத்தால் போதும். எந்தப் பானையில் எந்தக் கரண்டி போகிறது என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது, சமையல்காரர் சத்தியம் செய்வதில் இல்லை.

ஜும்ஆவுக்கு ஆறேழு பேரும் ஒன்றாகத்தான் போகவேண்டும், அது கூட்டுத் தொழுகை, ஆளுக்கொரு நேரம் என்று பிரிக்க முடியாது. அரச அலுவலகங்களில் முஸ்லிம் உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலம் விடுகிறார்கள். தனியாரில் அது உங்கள் ஏற்பாடு. நாங்கள் செய்தது, வெள்ளிக்கிழமை மட்டும் முஸ்லிம் ஊழியர் காலையில் முந்தி வந்து அந்த நேரத்தை ஈடு செய்வது, அதை எல்லோரும் பார்க்க ரோஸ்டரில் எழுதி வைப்பது. முணுமுணுப்பு அதோடு நின்றுவிட்டது, ஏனென்றால் சும்மா போகிறார்கள் என்று சொல்ல இடம் இல்லாமல் போனது.

நோன்பு காலத்தில் ஆறேகால் வாக்கில் நோன்பு திறக்கிற நேரமும் இரவுச் சாப்பாட்டுக்கு மேசை போடுகிற நேரமும் முட்டும். அரை மணித்தியாலம் மட்டும் மற்றவர்கள் பிடித்தால் போதும். இப்போது நோன்பு சீசனுக்கு முந்தி வருகிறது, ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்குப் போகிறது, அந்த விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹஜ்ஜுப் பெருநாள்தான் மே மாதப் பக்கம் வரும். நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முதல்நாள் இரவு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை அறிவித்த பிறகுதான் நிச்சயம், ஆகவே ரோஸ்டரில் இரண்டு நாளையும் பென்சிலால் போடுங்கள்.

சும்மா சொல்கிறேன்:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரே ஆட்களாகப் பார்த்து எடுத்தால் முடிந்தது. சொந்த ஆட்களோடு வேலை செய்தால் மொழிப் பிரச்சினையும் இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை.

பழைய கப்டன்:

சொந்த ஆட்களை மட்டும் வைத்திருந்த கடையில் பங்காளிச் சண்டையில் பூட்டுப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன் தம்பி. அதை விடுவோம். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதம், சிங்களவர் 27 வீதம். இதில் ஒரு பகுதியிலிருந்து மட்டும் நல்ல சமையல்காரரும் நல்ல வெயிட்டரும் நல்ல ரூம் போயும் கிடைப்பார்கள் என்றால் எடுங்கள். சீசனில் ஆள் கிடைக்காமல் எல்லா ஹொட்டேலும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஆள் பிடிக்கிற ஊர் இது.

கச்சேரியில் ஒருத்தி:

அக்கா, லீவு விடயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் உங்களுக்குப் பலம். தனியார் துறைக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதன்படி சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை நாட்கள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். போயா இதற்கு வெளியே, போயாவில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம். இப்போது பாருங்கள், தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி ஐந்தும் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் லீவு, அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் ஹொட்டேலில் "அது லீவு நாள் இல்லை" என்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வருடாந்த லீவு 14, சாதாரண லீவு 7 இருக்கின்றனவே, அதிலிருந்து இந்த நாட்களை முன்கூட்டியே உறுதி செய்து கொடுக்க ஒரு சட்டமும் தடையில்லை. சட்டப்படி இல்லை என்று மறுப்பதும் சட்டத்துக்குள் நின்று கொடுப்பதும் முதலாளியின் மனது.

பாகுபாடு என்று யாராவது வழக்குப் போடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது, ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் ஹொட்டேல் மனேஜருக்கு எதிராக அந்த வழி இல்லை. அதனால்தான் உள்ளே ஒழுங்கான விதி எழுதி வைப்பது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மொழிக்கு வருகிறேன். கச்சேரி போன்ற அரச அலுவலகங்களில் இருக்கும் எங்களுக்கு, 2007 ஜூலை 1க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் மற்ற அரச கரும மொழியையும் ஐந்து வருடத்துக்குள் படித்துத் தேற வேண்டும் என்று 2007 இல் சுற்றறிக்கை வந்தது. பரீட்சையில் தேறியவர்கள் எல்லோரும் கவுன்டரில் கதைக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், கதைக்கிற பலர் பரீட்சைப் பக்கமே போகவில்லை. இந்த ஊரில் நிறையப் பேருக்கு மற்ற மொழி வாயில் வரும், எழுத்து வாசிக்க வராது. உங்கள் வட்ஸ்அப் குழுவில் அதுதான் நடக்கிறது. எழுதுவதை விட்டு இரண்டு மொழியிலும் குரல் பதிவு போடச் சொல்லுங்கள். அறை எண், நேரம், எண்ணிக்கை இவற்றை ஒரு வெள்ளைப் பலகையில் இலக்கமாகவே எழுதலாம். பிரீஃபிங்கில் சிங்களத்தில் ஒருவர் சொன்னதும் தமிழில் இன்னொருவர், நேரம் இரட்டிப்பாகும் என்பார்கள், ஆகட்டும், பிழையான அறைக்குப் படுக்கை போட்டுவிட்டு மறுபடி போடுவதைவிடக் குறைவுதான். இன்னொன்று, மொழிபெயர்க்கிற வேலையை எப்போதும் ஒரே முஸ்லிம் பொடியன் தலையில் கட்டாதீர்கள், அவனை இரண்டு பக்கமும் திட்டும்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நானா, பை விடயத்தை இரண்டு தரம் வாசித்தேன். சேர்விஸ் சார்ஜ் தாளைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன், கணக்காளரோடு பேசிச் சொல்கிறேன் என்றார், அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், விடப்போவதில்லை. தூரத்துக்கேற்ற காசு என்பதைக் குசினித் தலைவரே எதிர்க்கவில்லை, அவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லையாம்.

ஒன்று விட்டுப்போனது. ரிசெப்ஷனுக்கு மூதூரிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள், நல்ல ஆங்கிலம், சிங்களமும் நன்றாகக் கதைக்கிறாள். தலையில் ஸ்கார்ஃப் போடுவாள். முன் மேசைக்கு அது சரிவராது என்று ஒரு குரல் ஏற்கனவே கிளம்பிவிட்டது. 2018 இல் நகரத்தில் ஒரு பாடசாலையில் அபாயா விடயம் வீதிக்கு வந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது நினைவிருக்கும், அப்படி ஒன்று எங்கள் வாசலில் வேண்டாம்.

லேடீஸ் டெய்லர் மூலை:

நான் ஹொட்டேல்களுக்கு யூனிஃபோர்ம் தைப்பவள். இதற்குக் கூட்டம் வேண்டாம் பிள்ளை. யூனிஃபோர்ம் துணியிலேயே அல்லது அதற்குப் பொருந்தும் ஒரு நிறத்தில் ஸ்கார்ஃப் தைத்து, நீளச் சட்டை, நீளக் கால்சட்டையோடு அதையும் யூனிஃபோர்மின் ஒரு வகையாக எழுதிவிடுங்கள். பொட்டு வைக்கலாமா, கையில் விகாரையில் கட்டும் பிரித் நூல் கட்டலாமா, கோயில் நூல் கட்டலாமா என்பதையும் அதே தாளில் ஒரே வரியில் எழுதுங்கள், ஒன்றுக்கு ஆம் என்றால் மூன்றுக்கும் ஆம். குசினியில் நூல் சுகாதாரத்துக்கு ஆகாது என்றால் அங்கே எல்லோருக்கும் ஆகாது. அந்தப் பிள்ளை வேலைக்கு வரும் முதல் நாளுக்கு முன்பே தாள் சுவரில் இருக்கவேண்டும், வந்த பிறகு ஒட்டினால் அவளுக்காக ஒட்டியதாகிவிடும். கழுத்துப் பக்கம் பின் குத்தாமல் கொக்கி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், சாமான் தூக்கக் குனியும்போது பின் கழன்று விழும். துணி மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள், சீசனுக்கு முந்தித் தந்துவிடலாம்.